சாம்பல் கோட்

மர்பி டவுன், பெங்களூரு
18.8.2024

அன்புத் தங்கை சங்கமித்ராவுக்கு அக்கா யசோதாவின் ஜெய்பீம்.

இங்கே நானும் உன் மாமா பிரகாஷும் சுகம். நாக்பூர் மழையில் உனக்குச் சளி பிடித்திருக்கும், கஷாயம் குடித்திருக்க மாட்டாய் என்றும் தெரியும். குடி.

நீ அனுப்பிய பழைய கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. புதிது வாங்கிவிட்டதால் பழசை அக்காவிடம் தள்ளிவிட்டாய் என்று உன் மாமாவிடம் சொன்னேன். ஆனால் பெட்டியைத் திறந்ததிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. போன் செய்து சொல்லியிருக்கலாம்தான். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை. போன பொங்கலன்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இருபது வருஷமா ஒரே ஸ்டூல்ல உக்காந்து போல்ட்டு பாக்குற, வேற என்னா தெரியும் உனக்கு?" அதனால் கடிதமே நல்லது. எழுதும்போது பாதிக் கோபம் பேனாவிலேயே போய்விடுகிறது.

அல்சூர் ஏரிக்கு ஞாயிறு காலை எடுத்துப் போனேன். கட்டைமேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். வந்த படத்தில் வானம் அழகாக இருக்கிறது, நீர்க்காகம் மைக்கறை. கண் இல்லை, மூக்கு இல்லை. இது என் தப்பா, உன் கேமராவின் தப்பா?

பீன்யா ஃபேக்டரியில் எங்கள் லைனுக்குப் புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. உள்ளே விளக்கும் கேமராவும். போல்ட்டை நீட்டினால் நல்லதா கெட்டதா என்று அதுவே சொல்கிறது. எல்லாரும் வேடிக்கை பார்க்கிறோம்.

உன் அக்கா,
யசோதா

*

நாக்பூர்
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, ஜெய்பீம்.

சளி உண்மைதான், கஷாயம் குடிக்காததும் உண்மைதான். இப்போது தேவலை. மாமாவின் முதுகுவலி எப்படி? வேன் ஓட்டும்போது தலையணை வைத்துக்கொள்ளச் சொல்.

கேமராவின் புத்தியை முதலில் புரிந்துகொள். அதற்கு உலகமே சாம்பல் நிறம் என்றுதான் நினைப்பு. எதைக் காட்டினாலும் சராசரியாக்கிச் சாம்பலாக்கப் பார்க்கும். உன் நீர்க்காகத்துக்குப் பின்னால் அவ்வளவு பெரிய பளீர் வானம். வானத்தைச் சாம்பலாக்கியது, பாவம் காகம் இருட்டில் போய்விட்டது.

கல்யாணப் படம் எடுக்கப் போனால் எனக்கு இங்கே தினமும் இதே தலைவலி. நம் பௌத்தக் கல்யாணங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளை உடை, சுற்றி நிற்கிற சொந்தமும் வெள்ளை. கேமரா அத்தனையையும் அழுக்குத் துணியாக்கிவிடும். அதனால் வெள்ளையைப் பார்த்தால் யோசிக்காமல் வெளிச்சத்தை ஒன்றரைப் படி கூட்டு. இதுதான் என் சட்டம், பத்து வருஷமாகத் தப்பியதில்லை. கேமராவின் மேல் கூட்டல் குறி, கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கும், அதில் கூட்டலாம்.

பொங்கல் பேச்சை இன்னும் வைத்திருக்கிறாயா? நீ என்னைச் சொன்னது எதுவும் உனக்கு நினைவில்லை போலிருக்கிறது.

அன்புடன்,
சங்கமித்ரா

*

மர்பி டவுன்
22.9.2024

சங்கமித்ராவுக்கு அக்காவின் ஜெய்பீம். சுகம், சுகமாக இரு.

உன் சட்டம் குப்பை. கூடவே ஒரு படம் வைத்திருக்கிறேன், பார். வெள்ளைக் கொக்கு. யோசிக்காமல் ஒன்றரைப் படி கூட்டினேன். கொக்கு எங்கே? தண்ணீர்மேல் யாரோ சுண்ணாம்பை வீசிய மாதிரி ஒரு தீற்றல் இருக்கிறது. ஒரு இறகு தெரியவில்லை. அறுபது படம் எடுத்தேன், அறுபதும் ரிஜெக்ட்.

நான் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏரியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஃபாத்திமா என்று ஒரு பெண், பெங்களூரு ஏரிகளின் பறவைகளுக்குப் படத்தோடு அட்டை போடுகிறார். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கட்டு, கன்னடம் தமிழ் இங்கிலீஷ் மூன்றிலும். அதற்கு ஒரு வருஷம் முழுக்க ஏரி ஏரியாகப் போய்ப் படம் எடுக்க ஒரு ஆள் வேண்டும். சர்டிபிகேட் கேட்கவில்லை. ஜனவரி 19 ஞாயிறு, அல்சூர் ஏரியிலேயே பரீட்சை. விடிந்ததிலிருந்து பத்து மணி வரை. பத்துப் படம் கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கித் திருத்தக் கூடாது, கேமராவில் எப்படி விழுந்ததோ அப்படியே.

பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கு அந்த வேலை வேண்டும் மித்ரா. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒழுங்கான சட்டம் ஒன்று இருந்தால் எழுது.

யசோதா

*

நாக்பூர்
16.10.2024

அக்காவுக்கு ஜெய்பீம்.

பதில் தாமதம், மன்னித்துக்கொள். தீட்சாபூமியில் தீட்சை நாள் கூட்டம் முடிந்து இப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். எங்கு பார்த்தாலும் வெள்ளை உடை. உன் சுண்ணாம்புக் கொக்கு நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன்.

தப்பு என்னுடையதுதான். கல்யாணப் பெண் படம் முழுக்க நிறைந்து நிற்பாள். உன் கொக்கோ தம்மாத்துண்டு, சுற்றிலும் கறுத்த தண்ணீர். கேமரா தண்ணீரைப் பார்த்து ஏற்கெனவே வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறது, அதன்மேல் நீயும் கூட்டினாய். அங்கே குறைத்திருக்க வேண்டும். நான் மண்டபத்துக்காரி, தண்ணீரை யோசிக்கவில்லை.

ஒன்று செய். கேமராவை யோசிக்கவே விடாதே. மேலே உள்ள சக்கரத்தில் எம் என்ற எழுத்துக்குத் திருப்பு. அப்புறம் லென்ஸின் திறப்பு, ஷட்டரின் வேகம் எல்லாம் நீ வைத்ததுதான். உன் ஃபேக்டரியில் மிஷினை செட் செய்வீர்களே, அப்படி நீயே செட் செய்துகொள்.

வருஷம் முழுக்க ஏரி ஏரியாகப் போவதென்றால் ஃபேக்டரியில் லீவு கொடுப்பார்களா? அந்தப் பெட்டி என்ன ஆயிற்று? நீ அதைப் பற்றி எழுதவேயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சங்கமித்ரா

*

மர்பி டவுன்
17.11.2024

மித்ராவுக்கு அக்காவின் ஜெய்பீம். மாமாவுக்கு முதுகு பரவாயில்லை. எனக்குத்தான் மனசு சரியில்லை.

நீ சொன்னாய் என்று ஃபேக்டரி மாதிரியே செட் செய்தேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. காலையில் முதல் பீஸை நான் பார்த்து ஓகே சொன்னதும் மிஷின் கைப்பிடியில் சிவப்பு டேப் ஒட்டிவிடுவோம். ஷிஃப்ட் முடியும்வரை மேனேஜரே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. அதே போல விடிந்ததும் ஒரு படம் எடுத்தேன், நன்றாக இருந்தது, கேமரா சக்கரத்தில் சிவப்பு டேப் ஒட்டினேன்.

இரண்டு வாரம் அப்படியே எடுத்தேன், டேப்பைத் தொடவில்லை. அன்றன்றைக்குப் பார்க்கவும் இல்லை. ஓகே ஆன செட்டிங்கைச் சந்தேகப்படுவது எங்களுக்கு அவமானம். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் முதல் அரை மணி நேரம் மட்டும் படம். வெயில் ஏற ஏற எல்லாம் வெளுத்து, மேகம் வந்த இடமெல்லாம் இருண்டு, தொள்ளாயிரம் படத்தில் முப்பது தேறும். ஏரிக் காவலாளி கோவிந்தப்பா தினமும் கேட்கிறார், "ஏனம்மா, இவத்தாதரூ ஹக்கி சிக்கித்தா?" இன்றைக்காவது பறவை மாட்டியதா என்று. சிக்கியது நான்தான்.

ஆறு பிரிண்ட் அனுப்புகிறேன். வேலைக்குப் போகும் முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கிறது, அதில் எடுத்தவை. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

யசோதா

*

நாக்பூர்
27.11.2024

அக்காவுக்கு ஜெய்பீம். உன் மனசு சீக்கிரம் தேறட்டும்.

சிவப்பு டேப்பைப் படித்து நானும் வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கோபித்துக்கொள்ளாதே. சூரியனுக்கு யார் அக்கா டேப் ஒட்டுவது?

படங்களை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஐந்து படங்களை விடு. ஆறாவது, படிக்கட்டில் நிற்கிற கொக்கு. பின்னால் உன் கையெழுத்தில் தேதி இருக்கிறது, 13.11. எதற்கும் தேதி போடாமல் உன்னால் இருக்க முடியாது. காலண்டரில் பார்த்தேன், புதன்கிழமை. அந்தக் கொக்கின் நிழல் கொக்கைவிடக் குட்டை. வேலைக்குப் போகும் முன் ஏழு மணிக்கு எடுத்திருந்தால் நிழல் படி முழுக்க நீண்டு கிடக்கும். இது பத்து, பத்தரை மணி வெயில். நிழல் பார்த்துப் பிழைக்கிறவள் நான்.

புதன்கிழமை பத்தரைக்கு நீ பீன்யாவில் இருக்க வேண்டியவள். என்ன நடந்தது?

சங்கமித்ரா

*

நாக்பூர்
20.12.2024

அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

நீ எதற்குப் பதில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் நான் "அப்பவே சொன்னேன்ல" என்பேன் என்று நினைக்கிறாய். பொங்கலன்று ஸ்டூலைப் பற்றி நான் பேசியது அகம்பாவம். நான் கல்யாணத்தில் ஆயிரம் படம் எடுத்து நூறைக் கொடுக்கிறேன். நீ இருபது வருஷம் ஒரு கெட்ட போல்ட்டை வெளியே விட்டதில்லை. உன் கண்ணில் பாதி எனக்கு இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வெட்கத்தைவிட்டு இப்போது சொல்கிறேன்.

பரீட்சையை மட்டும் விட்டுவிடாதே. எதுவும் எழுத வேண்டாம், சாப்பிட்டாயா என்று மட்டுமாவது எழுது.

உன் மித்ரா

*

மர்பி டவுன்
29.12.2024

என் மித்ராவுக்கு ஜெய்பீம். சாப்பிட்டேன்.

செப்டம்பர் முதல் வாரத்திலேயே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெட்டி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு டீ கொடுத்து, கைகுலுக்கி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். யூனிஃபார்ம் கோட்டைக் கேட்க மறந்துவிட்டார்கள். அந்தச் சாம்பல் கோட், பையின் மேல் என் பெயர் தைத்தது. மாமாவுக்கு மட்டும் தெரியும். உனக்குச் சொல்ல நாக்கு வரவில்லை. வேறு என்ன தெரியும் என்று கேட்டவளிடம், அதுவும் போய்விட்டது என்று எப்படி எழுதுவேன்? அழுதேன், மித்ரா. உன் கடிதத்தைப் படித்து இன்னொரு தரம் அழுதேன். அது வேறு அழுகை.

இப்போது முக்கியமான விஷயம். ஃபேக்டரியில் சிவப்பு டேப் பாதிதான். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பீஸை எடுத்து, அலமாரியில் பூட்டி வைத்த மாஸ்டர் பீஸோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நான் டேப்பை மட்டும் ஏரிக்குக் கொண்டுபோனேன், மாஸ்டர் பீஸை மறந்துவிட்டேன். மாறாத ஒன்று கையில் இல்லாமல் மாறுவதை எப்படி அளப்பது?

போன வாரம் குளிருக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனேன். கேமராவைத் தூக்கும்போது சட்டைக்கை கண்ணில் பட்டது. சாம்பல்! உன் கேமராவுக்கு உலகமே சாம்பல் என்று முதல் கடிதத்தில் எழுதினாயே. கையை நீட்டி, படம் முழுக்கச் சட்டைக்கை நிறைகிற மாதிரி வைத்து, கேமராவுக்குள் தெரிகிற வெளிச்ச அளவுமுள் நடுவுக்கு வரும்வரை சக்கரத்தைத் திருப்பினேன். கோட் துவைத்துத் துவைத்து வெளுத்திருப்பதால் ஒரு கோடு மட்டும் கூட்ட வேண்டியிருந்தது. பிறகு பறவையைப் பார்த்தேன், பின்னால் இருப்பதைப் பார்க்கவே இல்லை. கொக்கு கொக்காக வந்தது, நீர்க்காகம் நீர்க்காகமாக வந்தது. மேகம் மாறினால் மறுபடி ஒரு தரம் கையைப் பார்க்கிறேன். அவ்வளவுதான்.

இது சரியா? சரியென்றால் ஒரு வார்த்தை எழுது.

யசோதா

*

நாக்பூர்
5.1.2025

அக்கா, ஜெய்பீம்.

சரி, சரி, சரி. பெரிய பெரிய ஆட்கள் இதற்கென்றே சாம்பல் அட்டை வாங்கிப் பையில் வைத்திருக்கிறார்கள். நீ அதை உடம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறாய்.

ஒன்றே ஒன்று. பறவைமேல் எந்த வெளிச்சம் விழுகிறதோ அதே வெளிச்சம் உன் கைமேலும் விழ வேண்டும். வேறு எதுவும் நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டு நீ பட்டது போதும். தூங்கு, நன்றாகச் சாப்பிடு.

மித்ரா

*

மர்பி டவுன்
20.1.2025

மித்ராவுக்கு ஜெய்பீம். கால் வலி, கழுத்து வலி, கை மரத்துப்போயிருக்கிறது. இவ்வளவு சுகமாக நான் இருந்து நாளாயிற்று.

நேற்று பரீட்சை முடிந்தது. இருபத்துமூன்று பேர். பாதிப் பேரின் லென்ஸ் நம் வீட்டுத் தண்ணீர்க் குடம் அளவு. என் பக்கத்தில் ஸ்ரீஹர்ஷா என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். கோட்டைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க கார்ப்பரேஷன் ஸ்டாஃபா? அந்தக் கரையில ஆகாயத்தாமரை எடுக்கச் சொல்றீங்களா, ஃபிரேம்ல வருது" என்றார். "நானும் பரீட்சைக்குத்தான் வந்திருக்கேன் சார்" என்றேன். முகம் சிவந்துவிட்டது பாவம், மூன்று தரம் சாரி சொன்னார்.

ஆறே முக்கால் வரை பனிமூட்டம். எதிர்க்கரை தெரியவில்லை. சட்டைக்கையைப் பார்த்தேன், திருப்பினேன், நாமக்கோழி இரண்டு படம். ஏழரைக்குப் பனி கிழிந்து வெயில் சுளீரென்று அடித்தது. மறுபடி கை, மறுபடி திருப்பல், மீன்கொத்தி. எட்டு மணிக்கு மேகம். எங்கும் ஒரே முணுமுணுப்பு. "ப்ளோன் அவுட் ஆகிடுச்சு, வெளுத்துப்போச்சு", "டார்க்கா இருக்கு குரு" என்று எல்லாரும் பின்பக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறவை முன்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பதேகாலுக்குத் தீவுப் பக்கமிருந்து கூழைக்கடா கிளம்பியது. அவ்வளவு பெரிய வெள்ளை உடம்பு. நான் தூங்குமூஞ்சி மர நிழலில் நிற்கிறேன், அது வெயிலில் வருகிறது. அவசரத்தில் நிழலிலேயே கையைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். விரல் பொத்தான்மேல் போய்விட்டது. அப்போதுதான் உன் வரி நினைவுக்கு வந்தது, அதே வெளிச்சம் கைமேலும் விழ வேண்டும் என்று. நாலு எட்டு ஓடி வெயிலுக்கு வந்தேன், கையை நீட்டினேன், முள் தாவியது, திருப்பினேன். திரும்பினால் அது கறுத்த மரங்களுக்கு முன்னால் தாழப் பறந்து, எங்கள் எதிரில் எழும்பி, பளீர் வானத்துக்குள் போகிறது. பக்கத்தில் ஸ்ரீஹர்ஷாவின் கேமரா மரத்தைக் கண்டு ஒரு கணக்கு, வானத்தைக் கண்டு ஒரு கணக்கு என்று தடுமாறியது. என்னுடையது எதையும் யோசிக்கவில்லை. முன்னால் மரமானால் என்ன, வானமானால் என்ன, கூழைக்கடா மேல் விழுகிற வெயில் ஒன்றுதானே!

திரையில் பார்த்தேன். ஏழு படம், ஏழிலும் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக. சத்தமாக, "ஓகே பீஸ்!" என்று கத்திவிட்டேன். கோவிந்தப்பா கேட்டிலிருந்து கைதட்டினார், என்ன ஏது என்றே தெரியாமல்.

கடைசி அரை மணி நேரம் நடந்ததைக் கேள். ஸ்ரீஹர்ஷா மெதுவாக வந்து, "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, ஒரு நிமிஷம் கை காட்டறீங்களா?" என்றார். காட்டினேன். அவ்வளவு பெரிய லென்ஸ் என் சட்டைக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் வந்து நின்றார்கள்.

முடிவு இரண்டு வாரத்தில். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நேற்று போல ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை.

யசோதா

*

மர்பி டவுன்
9.2.2025

என் அன்பு மித்ராவுக்கும் வீட்டுக்காரருக்கும் அக்காவின் ஜெய்பீம். நீங்கள் இரண்டு பேரும் இன்றைக்கு இனிப்பு சாப்பிட வேண்டும், முதலில் அதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

கூடவே ஒரு அட்டை வைத்திருக்கிறேன். முதல் மாதிரி அட்டை இதுதான். கூழைக்கடா, அல்சூர் ஏரி. கீழே மூன்று மொழியிலும் சின்ன எழுத்தில் இருக்கிறது: படம், யசோதா. மாமா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஃபாத்திமா நேரில் வரச் சொல்லியிருந்தார். என் பத்துப் படத்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். "அக்கா, பனியில எடுத்தது, வெயில்ல எடுத்தது, மோடத்துல எடுத்தது, எல்லாத்துலயும் பறவை பறவை நெறத்துலயே இருக்குது. மத்தவங்கள்ட்ட ஒரு படம் சூப்பரா இருக்கும், அடுத்தது கராப். எங்க கத்துக்கினீங்க?" என்று கேட்டார். "பீன்யால, போல்ட்டு ஃபேக்டரில" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து வேலை. முதலில் ஹெப்பால், பிறகு ஜக்கூர், மடிவாளா. என் ஊரின் ஏரிகளை நான் இனிமேல்தான் பார்க்கப்போகிறேன்.

இன்னொரு சேதி. முந்தாநாள் ஃபேக்டரியிலிருந்து சூப்பர்வைசர் அய்யாவு போன் செய்தார். ஷெட் கூரையில் வெளிச்சத்துக்காகக் கண்ணாடி ஷீட் போட்டார்களாம். மத்தியானம் இரண்டு மணிக்கு வெயில் நேராக அந்தப் பெட்டிக்குள் இறங்குகிறது. இறங்கினதும் பெட்டி நல்ல போல்ட்டையெல்லாம் தூக்கி எறிகிறது, மேகம் வந்தால் கெட்டதை ஓகே செய்கிறது. "யசோதாம்மா, ஒருவாட்டி வந்து பாருங்க. உங்க ஸ்டூலு அப்படியேதான் இருக்குது. வேலைக்கே வந்துட்டாலும் சரி" என்றார்.

இருபது வருஷம் அவர் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். "பெட்டிக்கு வெளிச்சம் மாறுனா தெரியாது சார். அதுக்கு ஒரு சாம்பல் கோட் தச்சுப் போடுங்க. என்னுதை மட்டும் கேக்காதீங்க, தெனம் காலையில அது எனக்கு வேணும்."

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு நானே உனக்குப் போன் செய்கிறேன். மூன்று நிமிஷம் தாண்டினால் சண்டை வரும், வரட்டும். போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் அக்கா,
யசோதா